கவினுக்கு நான் மாற்றிய லென்ஸ்

எங்கள் வட்டாரப் புகைப்படக்காரர்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். நான் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இருந்தாலும் குழந்தைப் படம் என்றால் என் பெயரைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு, தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க எந்த லென்ஸ்?’

ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குள் என்றால் முப்பத்தைந்து எம்.எம். போதும், கையை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் இருந்துகொண்டே எடுக்கலாம். அறை கொஞ்சம் பெரிது என்றால் ஐம்பது. வாசலிலோ பூங்காவிலோ எண்பத்தைந்து. குழந்தையை அதன் போக்கில் ஓடவிட்டுத் தள்ளி நின்று எடுப்பதானால் எழுபது-இருநூறு ஜூம், ஆனால் கனம் அதிகம், அன்று இரவு தோள்பட்டை வலிக்கும். எந்த லென்ஸாக இருந்தாலும் துளை அகலமாகத் திறக்க வேண்டும். ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு நொடிக்கு மேல் மெதுவாகப் போகக் கூடாது. நின்றபடி எடுக்காதீர்கள், முழங்கால் போட்டுக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். இவ்வளவும் எழுதினேன். எல்லாம் சரியான தகவல்கள்தான்.

சங்கத்துக்காரர்களுக்குப் பிடித்திருந்தது. நான்தான் அதை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுபது-இருநூறை ஒரு குழந்தைக்காக நான் முதன்முதலில் எடுத்தது எப்போது, எதற்கு என்பதை அந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

என் பெயர் ருக்குமணி. ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். வீட்டில் நாங்கள் நான்கு பேரும் பெண்கள், நான் மூத்தவள். பத்தாவது முடித்ததும் நாமக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். பென்சிலைக் கூராகச் சீவி, நெகட்டிவில் இருக்கும் பருவையும் தழும்பையும் மறைக்கிற வேலை. பிறகு படமெடுக்கும்போது அழும் குழந்தைகளைச் சமாதானம் செய்யும் வேலை வந்தது. அதற்குப் பிறகு கேமராவே கைக்கு வந்தது. தாய்மார்கள் ஆணிடம் குழந்தையைக் கொடுக்கத் தயங்குவார்கள், என்னிடம் தயங்க மாட்டார்கள். பத்து வருடத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் ‘ஃபோட்டோ அக்கா’ என்றால் நான்தான் என்று ஆகிவிட்டது.

முதலாளி நடேசன் சார் அதிகம் பேசாதவர். கஞ்சி போட்ட அரைக்கை வெள்ளைச் சட்டை. கைக்குழந்தையிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். “சித்த இங்க பாருங்க சாமி” என்பார். குழந்தையைத் தொட மாட்டார். லென்ஸ் துடைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஊதும் பந்தால் தூசியை ஊத வேண்டும், பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி, அதுவும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒருநாள் நான் முந்தானையால் துடைத்ததைப் பார்த்துவிட்டார். லென்ஸை வாங்கி, என் முன்னாலேயே முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் முந்தானை லென்ஸில் பட்டதில்லை.

அவர் வாயால் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான்.

“குழந்தையப் பத்தித் தாய்கிட்ட நல்லதத் தவிர வேற ஒண்ணும் சொல்லாதீங்க, ருக்குமணி.”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு முன்னால் வேலை செய்தவர் ஒருமுறை ஒரு தாயிடம், “கொழந்தைக்கு ஒரு கண்ணு ஒதுங்குதுங்களே, இந்தப் பக்கமாத் திருப்பி எடுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்தத் தாய்க்கு அதுவரை தெரியாது. அழுதுகொண்டே போய்விட்டாள். சாயங்காலம் அவள் மாமனாரும் கொழுந்தனாரும் வந்து கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இந்த விதி. மாறுகண் உள்ள குழந்தை வந்தால் சார் ஒன்றும் சொல்லாமல் விளக்கைத் தள்ளி வைத்து, குழந்தையைக் கால்வாசி திருப்பி எடுப்பார். நெற்றியில் தீத்தழும்பு இருந்தால், “தொப்பி போட்டா அழகா இருக்குமுங்க” என்பார். படம் நன்றாக வரும், பெற்றவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். எங்கள் திறமை எல்லாம் மறைப்பதில்தான் இருந்தது. நானும் அதில் தேறினேன்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தபோது சுமதி முதல் தடவை வந்தாள். சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம், விவசாயக் காட்டுக்குள் ஒரு குடியிருப்பு. இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பையன், கவின். அவள் கணவர் செல்வராசு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியில் வட மாநிலங்களுக்குப் போகிறவர்.

“ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தானுங்க வருவாரு. பொறந்த நாளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு. வண்டியில மாட்டி வெச்சுக்கறதுக்கு. கண்ணு நேரா அவரயே பாக்கற மாதிரி இருக்கோணுமாமுங்க.”

எங்கள் ஸ்டூடியோவில் குழந்தைகளை உட்கார வைக்க ஒரு மர மேடை இருந்தது. அப்போது நான் குழந்தைகளுக்குப் பயன்படுத்திய லென்ஸ் பழைய எண்பத்தைந்து. ஃபோகஸ் பிடிக்கும்போது உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். சார் அதைக் குறை என்று சொல்லுவார். எனக்கு அதுதான் வசதி. அழுகிற குழந்தையாக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி திரும்பிப் பார்க்கும், அந்த ஒரு நொடி எனக்குப் போதும். கவின் திரும்பவில்லை. கிலுகிலுப்பை ஆட்டினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நாய் மாதிரி குரைத்தேன். அவன் பாட்டுக்கு மேடையில் இருந்த பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் சோதனைக்காக ஃபிளாஷ் ஒருமுறை அடித்தது, சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அடுத்த ஃபிளாஷில் படம் கிடைத்துவிட்டது. விளையாட்டில் மும்முரமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அன்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

இரண்டாவது பிறந்த நாளில் தெரிந்தது.

அந்த வருடம் கவின் நடப்பதே இல்லை, ஓட்டம்தான். மேடையில் ஏற்றினால் அடுத்த நொடி கீழே இருப்பான். திரைக்குப் பின்னால் போவான், விளக்கின் ஒயரை இழுப்பான். நானும் உதவிக்கு இருந்த பெண்ணும் அரைமணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தோம். லென்ஸ் கிர்ரென்றது, திரும்பவில்லை. அவனை மேடையில் ஏற்றிப் பலகையைக் காலால் உதைத்தேன், உடனே திரும்பினான். பலகை அதிர்ந்தது அவன் காலுக்குத் தெரிந்திருக்கிறது. சுமதி அதைப் பார்த்துவிட்டு, “எல்லாம் கேக்குதுங்கக்கா, வேணும்னேதான் திரும்ப மாட்டேங்கறான்” என்றாள். பிறகு பொறுமை போய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

“எத்தன தடவ கூப்பிடறது, காதுல உழுகுதா இல்லியாடா?”

அவன் அழுதுகொண்டே அவள் வாயைப் பார்த்தான். நான், “அடிக்காதீங்க அம்மிணி, நான் வேற மாதிரி எடுத்துக்கறேன்” என்றேன்.

சார் கல்யாண வேலைகளுக்காகப் புதிதாக எழுபது-இருநூறு வாங்கியிருந்தார். அதில் குழந்தைப் படம் எடுத்த பழக்கம் எங்களுக்கு இல்லை. அது கூட்டத்துக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதை எடுக்க. அவரிடம் கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஸ்டூடியோவுக்குப் பின்னால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அவர்களுடைய காலி இடத்தைக் கேட்டு வாங்கி, கவினை அங்கே விட்டோம். நான் இருபதடி தள்ளி மண்ணில் முழங்கால் போட்டேன். சுமதியை அவனுக்குப் பின்னால் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னேன், ரோட்டுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ள. இனி நான் கூப்பிட வேண்டியதில்லை. அவன் எந்தப் பக்கம் ஓடினாலும் லென்ஸ் அவனைப் பிடித்துக்கொண்டே போனது. பட்டனை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து ஆறு படம் விழும்.

அவன் என்னைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தபோது பட்டறையில் யாரோ ஒரு பெரிய இரும்புத் தகட்டைக் கீழே போட்டார்கள். எனக்கே நெஞ்சு திடுக்கிட்டது, ஆனால் விரலை எடுக்கவில்லை.

மத்தியானம் கம்ப்யூட்டரில் அந்த ஆறு படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் படத்தில் கவின் சிரிக்கிறான், பின்னால் சுமதி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். இரண்டாவது படத்தில் சுமதியின் தோள் தூக்கியிருக்கிறது. மூன்றாவதில் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். பட்டறை வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நிற்கிறது. கவின் அதே சிரிப்பு. முகத்தில் ஒரு தசை மாறவில்லை. கண்கள் நேராக லென்ஸைப் பார்க்கின்றன. ஆறில் அதுதான் மிக நல்ல படம்.

நான் படித்தவள் இல்லை, மருத்துவம் தெரியாது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் முகத்தைப் பார்த்திருந்தேன். ஒரு கதவு அடித்துக்கொண்டால் ஒரு குழந்தையின் முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பிறகு மௌஸை எடுத்து, சுமதியையும் நாயையும் வெட்டினேன். கவின் மட்டும் நின்றான்.

படத்தை வாங்க வந்தபோது சுமதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “எங்கூட்டுக்காரரு பாத்தா வண்டிய ஓரங்கட்டிப்போட்டு அழுவாருங்க” என்றாள். சார் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு முகப்புக் கண்ணாடியில் வைத்தார். நான் எடுத்த படம் கண்ணாடியில் ஏறியது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்து வேறு தாய்மார்கள் வந்தார்கள், “இந்த மாதிரி ஓடற படமா எடுத்துக் குடுங்க” என்று கேட்டார்கள். எனக்குப் பெயர் வந்தது அந்தப் படத்தால்தான்.

மூன்றாவது பிறந்த நாள் ஒரு முகூர்த்த நாளில் வந்தது. வெளியே பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் நேராகப் பெரிய லென்ஸோடு பட்டறைக்குப் போய்விட்டேன், ஐந்து நிமிடத்தில் எடுத்தும் முடித்தேன். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றும்போது சுமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏனுங்கக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்க அம்மிணி.”

“இவனுக்கு இன்னும் பேச்சு வரலீங்க. ‘ம்மா’ன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மாமியா, ஆம்பளப் பசங்களுக்கு அப்படித்தான், லேட்டாத்தான் வரும்ங்கறாங்க. டாக்டர்கிட்டக் காட்டலாம்னா, நல்ல புள்ளைக்கு ஏன் சீக்குன்னு பேரு வெக்கறேங்கறாங்க. நீங்க தெனமும் எத்தன கொழந்தைங்களப் பாக்கறீங்க. இப்படி இருக்குமுங்களா?”

அவளுக்குத் தெரிந்தவர்களில், அவள் மாமியாருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அதற்காகத்தான் கேட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் ‘சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டுங்க’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள்.

உள்ளேயிருந்து உதவிப் பெண், “அக்கா, பொண்ணு மாப்பிள்ளை வந்துட்டாங்க” என்று கூப்பிட்டாள். சாரின் விதி நினைவுக்கு வந்தது. உடைந்த கண்ணாடிக் கதவு நினைவுக்கு வந்தது. சொன்னால் இந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்து அழுவாள், எல்லோரும் பார்ப்பார்கள் என்றும் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது, அதைத்தான் எழுதக் கூசுகிறது. போன வருடமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

“வருமுங்க அம்மிணி,” என்றேன். “எங்கண்ணம் பையன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப நிறுத்த முடியறதில்ல.”

எனக்கு அண்ணன் கிடையாது. அந்தப் பொய்யை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்தது. சுமதியின் முகம் தெளிந்துபோனது. “அப்படீங்களா? அவருகிட்டச் சொல்றேனுங்க” என்று கவினைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பெண் மாப்பிள்ளையை எடுக்க உள்ளே போனேன்.

அடுத்த இரண்டு வருடம் அவர்கள் வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு ஜூலை மாதம், வேலை குறைவான ஒரு காலையில், கறுத்த, ஒல்லியான ஒருவர் ஐந்தரை வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் யார் என்று புரிந்தது.

“பாஸ்போர்ட் சைசுல ஆறு படம் வேணுமுங்க,” என்றார் செல்வராசு. “மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிக் குடுக்கோணும்.”

அவரே சொன்னார்.

“ஒண்ணாப்புல சேத்தமுங்க. ஒரு வாரத்துல டீச்சரு கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாங்க, இவனுக்குக் காது கேக்கல, போயிப் பாருங்கன்னு. சேலத்துல காட்டுனோம். பொறவியிலயே ரெண்டு காதும் கேக்காதுங்களாமா. ரெண்டு வயசுல கொண்டாந்திருந்தா ஆப்பரேசன் பண்ணி, பேச்சுப் பழக்கி, சாதாரணப் பள்ளிக்கோடத்துலயே படிக்க வெச்சிருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. இனிமே பண்ணுனாச் சத்தம் கேக்குமாம், பேச்சு அவ்வளவா வராதாம்.”

ரெண்டு வயசு.

“நான் வண்டியிலயே கெடந்துட்டனுங்க. அவ தனியாளு, யாரக் கேட்டாலும் லேட்டாத்தான் வரும்னு சொல்லியிருக்காங்க. நீங்ககூட உங்க அண்ணம் பையன் நாலு வயசுலதான் பேசுனான்னு சொன்னீங்களாமா. போன் பண்றப்பல்லாம் அதத்தானுங்க சொல்லுவா. ஃபோட்டோக்காவே சொல்லியிருக்காங்கன்னு. நானும் நம்பிட்டேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். பிறகு நட்பாக, ஒரு மரியாதைக்குக் கேட்பது போலக் கேட்டார்:

“உங்க அண்ணம் பையன் இப்ப நல்லாப் பேசறானுங்களா?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதுகூட.

“பேசறானுங்க,” என்றேன்.

“நல்லா இருக்கட்டுமுங்க,” என்றார் அவர்.

பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு முறை உண்டு. பின்னணி வெள்ளை, முகம் நேராக, வாய் மூடி, இரண்டு காதும் தெரிய வேண்டும். கவினுக்கு முடி வளர்ந்து காதை மூடியிருந்தது. நான் குனிந்து சீப்பால் இரண்டு பக்கமும் முடியை ஒதுக்கிவிட்டேன். அவன் கூச்சத்தில் சிரித்தான். கையால் ‘இங்கே பார்’ என்று காட்டினேன், உடனே பார்த்தான். அவ்வளவு சுலபமாக எந்தக் குழந்தையும் என் லென்ஸைப் பார்த்ததில்லை. ஐம்பது எம்.எம்., ஒரே படம், முடிந்துவிட்டது. காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு படத்தையும் திரையில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நாம டாக்டர் இல்லீங்க, ருக்குமணி,” என்றார்.

“ஆமாங்க சார்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அந்தப் புது லென்ஸக் கேட்டீங்க பாருங்க, அன்னிக்கு எதுக்குன்னு நான் கேட்டிருக்கோணும்,” என்றார். எழுந்து போய் முகப்புக் கண்ணாடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து உள்ளே வைத்தார். மறுநாள் முதல் அந்த விதியை என்னிடம் அவர் சொன்னதும் இல்லை.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வருடங்களில், சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையைப் பார்த்தால் தாயைத் தனியாகக் கூப்பிட்டு, “காதுக்கு ஒருக்காக் காட்டிப்போடுங்க” என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். வாழப்பாடியிலிருந்து வந்த ஒரு பெண், மூன்று மாதம் கழித்து, காதில் கருவி மாட்டிய பெண் குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போன பிறகு நான் இருட்டறையாக இருந்த பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவ்வளவு சின்ன வாக்கியம். சொல்ல அரை நிமிடம் ஆகவில்லை.

சேந்தமங்கலத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். முழங்கால் தேய்ந்துபோனதால்தான் நான் வேலையை விட்டதே. போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டியிருந்தார்கள். சுமதி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கிவிட்டாள், ஆனாலும் பார்த்தவுடன் எழுந்துவிட்டாள்.

“ஃபோட்டோக்கா. உள்ள வாங்க, உள்ள வாங்க.”

கவின் சேலத்தில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றும், இப்போது லீவில் வந்திருக்கிறான், கடைக்குப் போயிருக்கிறான் என்றும் சொன்னாள். செல்வராசு ரிக் லாரியை எப்போதோ விட்டுவிட்டார், உள்ளூரிலேயே டிராக்டர் ஓட்டுகிறார். காபி கொண்டுவந்து வைத்தாள். சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. இரண்டு வயதுக் கவின், என்னை நோக்கிச் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறான்.

“எனக்கு அண்ணன் கெடையாதுங்க, சுமதி,” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னேன், தகடு விழுந்ததை, ஆறு படங்களை, படத்திலிருந்து அவளை வெட்டி எடுத்ததை. அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றாள்.

“இதுலயுங்களா?”

“ஆமா.”

“நான் எங்க நின்னேன்?”

நான் பக்கத்தில் போய், சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் ஒரு சாண் தள்ளிக் கைவைத்துக் காட்டினேன். “இங்கீங்க. காத ரெண்டு கையிலயும் பொத்திக்கிட்டு.”

அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை.

“எம்மாமியா சாகற வரைக்கும் அவங்களத்தானுங்க நான் குத்தஞ்சொல்லிப் பேசுனேன்,” என்றாள். “கடைசி வரைக்கும் அவங்க கையில ஒரு வாய் தண்ணி நான் முகங்குடுத்துக் குடுக்கல. அவங்களுக்காவது தெரியாது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை.

“இத ஏனுங்க இப்ப வந்து சொல்றீங்க?” அவள் குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கு நான் கேட்டப்ப உங்களுக்குச் சொல்லறதுக்கு ஆகல. இன்னிக்கு நான் கேக்கல. நீங்க எறக்கி வெச்சுப்போட்டு நடந்துருவீங்க. நான் இதக் கொண்டுபோயி எங்கீங்க வெக்கறது? அவங்கப்பாகிட்டச் சொல்லட்டுங்களா? இல்ல இவங்கிட்டச் சொல்லட்டுங்களா?”

வரும்போது பஸ்ஸில், உண்மையைச் சொல்லப் போகிறோம் என்பதில் எனக்குள் ஏதோ ஒரு பெருமைகூட இருந்தது. அது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வாசலில் சைக்கிள் நின்றது. கவின் உள்ளே வந்தான். அப்பாவைப் போலக் கறுத்த, உயரமான பையன், அரும்பு மீசை. என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு அம்மாவிடம் விரல்களால் ஏதோ கேட்டான். யார் என்று கேட்டிருப்பான். அதுவரை சுவர் போல இருந்த சுமதியின் முகம் அவனுக்காக உடனே மாறியது. கைகள் வேகமாக ஓடின, புருவம் ஏறி இறங்கியது. நெடுநேரம் பேசிக்கொண்டார்களா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். பையிலிருந்த பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

“என்ன சொன்னீங்க அம்மிணி?”

“ஃபோட்டோ எடுக்கறவங்கன்னு சொன்னேன்.”

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது. சுமதி வாசல் வரைக்கும் வந்தாள். எங்கள் பக்கத்தில், சண்டை போட்டுக்கொண்டவர்களைக்கூட ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். நான் அதற்காக ஒரு கணம் நின்றேன்.

“ரெண்டே காலுக்கு ஒரு டவுன் பஸ் இருக்குதுங்க,” என்றாள். “அத உட்டா நாலு மணிக்குத்தான்.”

நான் வேகமாக நடந்தேன்.